தார்ப்பாய்க்கு அடியில் நான்கு சக்கரங்கள்

இது கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது. இது நடந்தது. என் கடைக்குப் பக்கத்துக் கடையில் நடந்தது. யாருக்கு நடந்ததோ அந்த மனிதர் இன்றும் உயிரோடு இருக்கிறார். அவர் வாயாலேயே பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடச் சொல் மாறவில்லை. பொய் சொல்லியே பிழைத்த மனிதர் அவர். பொய்யாக இருந்தால் இதைவிட நன்றாக ஜோடித்திருப்பார்.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கொலுசுச் சத்தம்... அதெல்லாம் இதில் கிடையாது. இது பட்டப்பகலில் வந்தது. மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகுகிற நேரத்தில், காரில் வந்தது. வந்து, வாடிக்கையாளர் மாதிரி விலாவாரியாக விசாரித்தது.

நான் கார்களுக்கு சீட் கவர் தைக்கிறவன். பக்கத்துக் கடை அண்ணன் அலாய் வீலும் டயரும் விற்கிறவர். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் 'பொருந்தும்' அண்ணன்தான். எந்தக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, எந்தச் சக்கரத்தைக் காட்டி, "இது என் வண்டிக்குப் பொருந்துமாண்ணே?" என்று கேட்டாலும் ஒரே பதில். "பொருந்தும்." கேட்டவர் கொஞ்சம் தயங்கினால் அடுத்த ஆயுதம் வெளியே வரும். வலது கையைத் தூக்கி, "என் பொண்ணு மேல சத்தியமா பொருந்தும்" என்பார். பெற்ற பிள்ளைமேல் சத்தியம் பண்ணுகிற மனிதனைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்? ஒரு நாளைக்குப் பத்துச் சத்தியமாவது அந்தப் பெண் தலையில் விழும். அவளும் பாவம், விக்கல் எடுக்காமல் வளர்ந்தாள்.

வேலை தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத் தெரியும். அதுதான் எனக்கு ஆத்திரம்.

மகளுக்கு ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்து, சின்னதாக ஒரு சிவப்புக் கார் வாங்கினாள். அதற்கு வெள்ளி நிற அலாய் வீல் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்தார். பழைய சக்கரத்தைக் கழற்றி, எதிரெதிரே இருக்கிற இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்தார். நூறு மில்லிமீட்டர். சரியாக அந்த அளவுள்ள சக்கரமாகத் தேடி எடுத்தார். நடு ஓட்டை, வண்டியில் சக்கரம் உட்காருகிற ஹப்பைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருந்தது. இடைவெளியை அடைக்க வளையம் வாங்கிப் போட்டார். சக்கரம் எவ்வளவு உள்ளே போய் உட்காருகிறது, எவ்வளவு வெளியே துருத்துகிறது என்று பார்த்தார். ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று கையை விட்டுத் தடவினார். டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று பக்கவாட்டில் போட்டிருக்கும் எண்ணைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார். பழைய நட்டுகளை ஓரங்கட்டிவிட்டு, அந்தச் சக்கரத்துக்கே உரிய நட்டுகளை முதலில் விரலால் திருகி, பிறகு முறுக்கு அளக்கிற ஸ்பேனரால் இறுக்கினார். "கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வாம்மா. இன்னொரு வாட்டி இறுக்கித் தரேன்" என்று வேறு சொல்லி அனுப்பினார்.

அந்த வண்டிக்கு சீட் கவர் தைத்தது நான். அளவெடுத்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏண்ணே, கஸ்டமருக்கும் இப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்டா என்ன?"

ஸ்பேனரைத் துடைத்தபடி சிரித்தார்.

"கஸ்டமர் என்ன எனக்கா பிறந்தது?"

இதைச் சொன்னபோது டீச்சர் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

டீச்சர் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். அம்மாவும் அவருமாகத் தனியாக இருந்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கார் வைத்திருந்தார். அண்ணன் கடையில் கறுப்பு அலாய் வீல் ஒரு செட் நெடுநாளாகப் போணியாகாமல் கிடந்தது. அதன் எதிரெதிர்த் துளைகளுக்கு இடையே உள்ள தூரம் தொண்ணூற்றெட்டு மில்லிமீட்டர். டீச்சர் வண்டிக்கு வேண்டியது நூறு. இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியாது. நட்டைப் போட்டு மெஷினால் இறுக்கினால், சக்கரம் கிறீச்சென்று முனகிக்கொண்டு உட்கார்ந்துவிட்ட மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒரு நட்டுதான் ஒழுங்காகப் பிடித்திருக்கும். மற்ற மூன்றும் கோணலாகத் தொற்றிக்கொண்டு, வண்டி ஓட ஓடத் தளரும்.

கணக்கு டீச்சர் இல்லையா, "ரெண்டும் ஒரே அளவுதானாண்ணே?" என்று கேட்டார். அண்ணன் மகள்மேல் சத்தியம் பண்ணினார். டீச்சர் நம்பினார்.

இரண்டு தடவை திரும்பி வந்தார். இரண்டு தடவையும் நான் என் கடை வாசலில்தான் இருந்தேன்.

"ஸ்டீயரிங் ஆடுதுண்ணே."

"அது ரோடு, டீச்சர்."

மறுபடியும் வந்தபோது அண்ணன் எழுந்திருக்கக்கூட இல்லை. "ரோடு சரியில்லாததுக்கு வண்டி என்ன பண்ணும்?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அனுப்பிவிட்டார்.

அந்த வாரமே, பெரிய வாய்க்கால் பாலத்தில், இடது முன் சக்கரம் கழன்று ஓடிவிட்டது. கார் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனது. மேலே தூக்கியபோது டீச்சர் ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்தபடியே இருந்தாராம்.

விசாரிக்க வந்தவர்களிடம் அண்ணன், "அந்தம்மா எப்பவும் பறப்பாங்க சார். நானே பலமுறை சொல்லியிருக்கேன்" என்றார். வேகத்தால் வந்த வினை என்று முடித்துவிட்டார்கள். அவர் அதோடு விடவில்லை. பழைய இரும்புக் கடைக்குப் போய், யாராவது அளவுகோல் வைத்துப் பார்ப்பதற்கு முன்னால், நொறுங்கிய வண்டியில் இருந்த மூன்றையும் பாலத்தில் கழன்று ஓடியதையும் சேர்த்து, அந்த நான்கு கறுப்புச் சக்கரங்களையும் எடுத்துக்கொண்டு வந்தார். கீறலைத் தேய்த்து, கறுப்பு அடித்து, கடையின் பின்னறையில் தார்ப்பாய் போட்டு மூடினார். உருக்கக் கொடுத்திருக்கலாம். மனசு வரவில்லை. நல்ல சக்கரம், சூடு ஆறியதும் எவன் தலையிலாவது கட்டலாம் என்று நினைத்திருக்கிறார்.

டீச்சரின் அம்மா ஒருநாள் தெருவில் வந்து நின்றார். "என் பொண்ணு சைக்கிளைவிட மெதுவா ஓட்டுவாய்யா... யாராவது சொல்லுங்கய்யா" என்று கடை கடையாகக் கேட்டார். அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டார். செத்தவள் திரும்பி வந்து வாதாடமாட்டாள் என்கிற தைரியம்.

வந்தாள்.

அன்று நல்ல வெயில். மழை பெய்து மாதக்கணக்கில் ஆகியிருந்தது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருந்திருக்கிறார். கண் விழித்தபோது கடைக்குள், ஜாக்கி போடுகிற இடத்தில், ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. வந்த சத்தம் கேட்கவில்லை. தூங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு எழுந்தார்.

வண்டியில் ஒரு பெண். கண்ணாடி இரண்டு விரற்கடை மட்டும் இறங்கியிருந்தது. உள்ளே ஆவி படிந்து முகம் தெரியவில்லை.

"சக்கரம் மாத்தணும்."

"தாராளமா மாத்தலாம்மா. எந்த மாதிரி பார்க்கறீங்க?"

"கறுப்பு."

"கறுப்புல இப்போ..."

"உள்ளே இருக்கே. தார்ப்பாய்க்கு அடியில."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? பழைய இரும்புக் கடைக்காரன் உளறியிருப்பான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். தொல்லை விட்டது என்கிற சந்தோஷம்தான் அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது.

"பொருந்துமா?" என்று கேட்டாள்.

"பொருந்தும்."

"அளந்து பார்க்க வேண்டாமா?"

"எத்தனை வருஷமா இதே வேலை பார்க்கறேன். என் கண்ணே அளவுகோல்தாம்மா."

"சத்தியமா?"

சத்தியத்தை இவராகத்தான் எப்போதும் எடுத்து நீட்டுவார். யாரும் கேட்டு வாங்கியதில்லை. இருந்தாலும் பழக்கதோஷம், கை தானாக மேலே போனது.

"என் பொண்ணு மேல சத்தியமா பொருந்தும்."



"சரி. மாட்டுங்க."

முன் பக்கம் போய் பானெட்டில் கை ஊன்றினார். சில்லென்று இருந்தது. அவ்வளவு வெயிலில் ஓடி வந்த வண்டி... துளிச் சூடு இல்லை.

ஜாக்கி போட்டார். சின்ன வண்டிதான். ஆனால் லாரியைத் தூக்குகிற மாதிரி ஜாக்கி திணறியது. ஒரு பக்கம் உயர்ந்ததும் உள்ளே ஏதோ மறுபக்கம் சரிகிற சத்தம்.

களக்... களக்...

தண்ணீர் சரிகிற சத்தம்.

கதவின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. ஏ.சி. தண்ணீர் என்று நினைத்தார். ஏ.சி. தண்ணீர் சேற்று நாற்றம் அடிக்காது. அதையும் நினைத்தார். நினைத்துவிட்டு வேலையைப் பார்த்தார்.

துருப்பிடித்த நான்கு பழைய சக்கரங்களைக் கழற்றிப் பின்னறையில் கொண்டுபோய் வைத்தார். கறுப்புச் சக்கரங்களை உருட்டிக்கொண்டு வந்தார். ஹப்பில் வைத்துப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. இந்த வண்டிக்கும் வேண்டியது நூறுதான். சக்கரம் தொண்ணூற்றெட்டு. அதே இரண்டு மில்லிமீட்டர்.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

மூன்று சக்கரங்களை மாட்டிவிட்டு, கடைசியாக இடது முன் சக்கரத்தில் நட்டை வைத்து மெஷினை அழுத்தினார். கிறீச்...

"ஒண்ணு" என்றது உள்ளேயிருந்து குரல்.

கிறீச்...

"ரெண்டு."

பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, நிதானமாக.

"மூணு."

"நாலு."

இடது முன் சக்கரம் முடிந்தது. அவர் எழுந்திருக்கப் போனார்.

"ஒண்ணுதான் பிடிச்சிருக்கு."

 அண்ணன் காதில் விழாத மாதிரி துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஜாக்கியை இறக்கினார். எப்படியாவது இந்த வண்டி வெளியே போனால் போதும்.

"ஸ்டீயரிங் ஆடுமா?"

"ஆடாதும்மா. அப்படியே லேசா ஆடினா... அது ரோடு."

கண்ணாடி மெல்ல மேலே ஏறியது. மூடுவதற்கு முன்னால், அந்தக் கடைசி இடுக்கு வழியாக, குரல் வந்தது.

"போன தடவையும் அதைத்தான் சொன்னீங்க."

வண்டி பின்னால் நகர்ந்து தெருவில் இறங்கிப் போய்விட்டது. இஞ்சின் சத்தமே இல்லை. தரையில் அது நின்ற இடத்தில் ஒரு குட்டை. அதில் பச்சையாக ஒரு பாசித் துணுக்கு.

அண்ணன் தண்ணீர் குடித்தார். முகம் கழுவினார். தரையைக் கழுவினார். அரைத் தூக்கத்தில் ஏதோ கனவு, வந்தவள் யாரோ, அவள் பேச்சு ஒரு தினுசு... இப்படி ஆயிரம் சொல்லிக்கொண்டார். தொலைந்தது சனியன் என்று சாயங்காலம் வரை ஓட்டிவிட்டார்.

அலுவலகம் விடுகிற நேரம். கழற்றிய பழைய சக்கரங்களை ஒதுங்க வைக்கலாமென்று பின்னறைக்குப் போய் விளக்கைப் போட்டார்.

துருப்பிடித்த சக்கரங்கள் அங்கே இல்லை.

தார்ப்பாய் மேல் நான்கு சக்கரங்கள் அடுக்கியிருந்தன. வெள்ளி நிறம். நடு ஓட்டையில் வளையம். அவரே தேடிப்போய் வாங்கிய வளையம். அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து மாட்டிய சக்கரங்கள்.

மகளுடைய சக்கரங்கள்.

அப்படியானால் அவள் வண்டியில் இப்போது இருப்பது...

போனை எடுத்தார். மகள் நம்பரைப் போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் எடுக்காதே என்று சொல்லி வளர்த்தவர் இவர்தான். மறுபடி அடித்தார். மறுபடி.

"அப்பா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்." ஸ்பீக்கரில் பேசினாள். பின்னால் ஒரு சத்தம். டக்... டக்... டக்...

"எங்கே இருக்கே?"

"வாய்க்கால் பாலத்துல ஏறிட்டேன். அப்பா, ஸ்டீயரிங் ரொம்ப ஆடுது."

டக் டக் டக்.

"ரோடு சரியில்ல போலப்பா."

"நிறுத்து!"

"என்னப்பா..."

"நிறுத்துடி! மெதுவா... அப்படியே நிறுத்தி இறங்கு! இறங்கு!"

அந்தக் கத்தல் என் கடை வரைக்கும் கேட்டது. நான் வெளியே ஓடி வருவதற்குள் வெள்ளிச் சக்கரங்களை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்துவிட்டார்.

பாலத்தின் நடுவில் சிவப்புக் கார் நின்றது. மகள் பக்கத்தில் நின்றாள். முழுசாக. அண்ணன் வேனிலிருந்து குதித்து இறங்கினாராம். நேராக ஓடிப்போய் இடது முன் சக்கரத்தைப் பார்த்தார்.

கறுப்பு. மூன்று நட்டுகளைக் காணோம். ஒன்றுதான் பிடித்திருந்தது.

"கறுப்பு வீல் எப்பப்பா மாத்தினீங்க?" என்றாள் மகள்.  அண்ணன் ஜாக்கியை எடுத்து வைத்துத் தூக்கினார். சக்கரத்தைக் கழற்றினார்.

"பேக் உள்ளே இருக்கு, எடுத்துக்கறேன்" என்று மகள் டிரைவர் பக்கம் கதவைத் திறந்து உள்ளே ஏறிக் குனிந்தாள்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்றே இல்லை.

கண்ணாடிகளில் உள்ளேயிருந்து ஆவி படியத் தொடங்கியது. மகளின் கை கண்ணாடியில் தட்டியது. "அப்பா! திறக்கலப்பா!"

வண்டி ஜாக்கியிலிருந்து வழுக்கியது.

மூன்று சக்கரத்தோடு, கைப்பிடிச் சுவர் பக்கமாக, ஒரு விரற்கடை நகர்ந்தது. பழைய உடைசலுக்கு ஒட்டுப்போட்ட இடம் அது. அண்ணன் பாய்ந்து முன்பக்கத்தைப் பிடித்துத் தள்ளினார். இன்னும் ஒரு விரற்கடை.

களக்... களக்...

காதுக்குப் பக்கத்தில் ஈரமாக ஒரு மூச்சு.

"பொருந்துமா?"

"விட்டுடு... அவ சின்னப் பொண்ணு..."

இன்னும் ஒரு விரற்கடை. சுவரில் இரும்பு உரசியது.

"பொருந்துமா?"

"பொருந்தாது!"

வண்டி நின்றது.

"பொருந்தாது! தெரியும்! தெரிஞ்சுதான் போட்டேன். டீச்சர், நீங்க வேகமா ஓட்டல. நான்தான் பொய் சொன்னேன். நான்தான்... நான்தான்..."

கதவு திறந்தது.

மகள் வெளியே விழுந்து, இருமி, எழுந்தாள். அப்பாவைப் பார்த்தாள். எல்லாம் கேட்டிருந்தது.

"எந்த டீச்சர்ப்பா?"

சொன்னார். வேறு வழியில்லை. முழுவதும் சொன்னார். அவள் அழவில்லை. தள்ளி நின்றுகொண்டாள்.

"இந்த நாலு வீலையும் எடுத்துக்கிட்டு இப்பவே ஸ்டேஷனுக்குப் போங்க. போய்ச் சொல்லுங்க."

"போறேம்மா. உன் மேல சத்தியமா..."

"என் மேல பண்ணாதீங்க!" என்று கத்தினாள். "உங்க மேல பண்ணுங்க."

"என் மேல சத்தியமா, இப்பவே போய்ச் சொல்றேன்."

வெள்ளிச் சக்கரங்களை மாட்டி மகளை வீட்டுக்கு அனுப்பினார். கறுப்புச் சக்கரங்களை வேனில் ஏற்றினார். ஸ்டேஷனுக்குப் போகிற எண்ணத்தோடுதான் வேனைக் கிளப்பினார். வெளிச்சம் இருந்தது, தெருவில் ஆட்கள் இருந்தார்கள், மகள் பிழைத்துவிட்டாள். பயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பயம் இறங்கியதும் பழைய புத்தி ஏறி உட்கார்ந்தது. சக்கரம் இருந்தால்தானே அளப்பார்கள்? உருக்கிவிட்டால்? மகள் கோபம் இரண்டு நாளில் தணியும். பெற்ற அப்பனைக் காட்டிக் கொடுப்பாளா?

ஸ்டேஷனுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். உருக்கு ஆலைக்கு இடது பக்கம். அண்ணன் இடது பக்கம் திருப்பினார்.

ஸ்டீயரிங் ஆடியது.

அவருடைய வேன் அது. கம்பெனி போட்ட சக்கரத்தைத் தவிர எதையும் அதில் மாட்டியதில்லை. தன் வண்டிக்கு விஷப் பரீட்சை செய்ய அவர் என்ன பைத்தியமா?

டக்...

வேகத்தைக் குறைக்கப் பார்த்தார். பிரேக் பிடிக்கவில்லை. கால் வைக்கிற இடத்தில் தண்ணீர்.

டக் டக் டக்...

பக்கத்து சீட் நனைந்திருந்தது.

வேனுக்கு முன்னால், ரோட்டில், ஒரு சக்கரம் தனியாக உருண்டு போனது. யாருடையது இது என்று ஒரு கணம் பார்த்தார்.

அவருடையது.

காதருகே, பொறுமையாக, டீச்சர் சொன்னார்.

"அது ரோடு, அண்ணே."

அந்த விபத்தில் நசுங்கிய அண்ணனின் இரண்டு கால்களையும் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இப்போது தம்பி வீட்டு மாடியறையில் படுத்திருக்கிறார். மகள் பார்க்க வருவதில்லை. ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். வேனில் கிடந்த கறுப்புச் சக்கரங்களை அளந்தார்கள். தொண்ணூற்றெட்டு. பிறகு டீச்சரின் அம்மாவிடம் போய், உங்கள் பெண் மேல் தப்பில்லை என்று சொன்னார்கள். கேட்டதும் அந்த அம்மாள் தலையை மட்டும் ஆட்டினாராம்.

வேனைச் சோதித்த அதிகாரி என் கடையில்தான் தன் வண்டிக்கு சீட் கவர் தைத்தார். ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். வேனின் சக்கரம் தூரத்தில் ஒரு புதரில் கிடந்தது. ஆனால் ஹப்பில் எல்லா நட்டுகளும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன. நட்டும் சக்கரமும் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. அத்தனையும் முறுக்கு மாறாமல், இறுகி. சக்கரம் மட்டும் எப்படியோ வெளியே வந்திருந்தது. எப்படி எழுதுவதென்று தெரியாமல் அதை அறிக்கையில் விட்டுவிட்டாராம்.

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், அண்ணன் சொன்ன சாம்பல் வண்டிக் கதையை நான் நெடுநாள் நம்பவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. போன மாதம்தான் அந்தக் காரணம் தலைகீழானது.

மகள் சிவப்புக் காரை என் கடைக்குக் கொண்டுவந்தாள்.

"சித்தப்பா, டிரைவர் சீட் மட்டும் காயவே மாட்டேங்குது. வெயில்ல போட்டாலும் ஈரமாவே இருக்கு."

கவரைக் கழற்றினேன். நான் தைத்த கவர். உள்ளே ஸ்பாஞ்சைப் பிழிந்தேன். கலங்கல் தண்ணீர் வந்தது. வாய்க்கால் சேற்று நாற்றம்.

"எப்போலேர்ந்து இப்படி?"

"பாலத்துல நின்ன அன்னைக்கிலேர்ந்துதான். அன்னைக்கு சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து உட்காரும்போதே நனைஞ்சிருந்துச்சு."

"சாயங்காலமா? மதியம் நீ இங்கே வந்தப்போ நல்லாத்தானேம்மா இருந்தது?"

"மதியமா? நான் வரலையே சித்தப்பா. அன்னைக்குப் பூரா மீட்டிங். வண்டி எங்க ஆபீஸ் வாசல்லதான் நின்னுச்சு."

என் கையில் இருந்த ஸ்பாஞ்ச் கீழே விழுந்தது.

ஏனென்றால் அன்று மதியம் நான் என் கடை வாசலில்தான் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் கடைக்குள் சாம்பல் வண்டி எதுவும் வரவில்லை. வந்தது ஒரே ஒரு வண்டி. இந்தச் சிவப்பு வண்டி. உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவர் மகள் என்றுதான் நினைத்தேன். அண்ணன் வெள்ளிச் சக்கரங்களைக் கழற்றினார். கறுப்புச் சக்கரங்களை மாட்டினார். நடுவில் ஒரு தடவை, அந்தச் சிவப்பு பானெட்டுக்குப் பக்கத்தில் நின்று, வலது கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணினார்.

சொந்த மகள் வண்டிக்கு, தன் கையாலேயே, தெரிந்தே, அந்த நான்கையும் அவர்தான் மாட்டினார். பேய் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை.

பேய் மாற்றி வைத்துவிட்டது என்று அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு ஆறுதலில்தான் ராத்திரி தூங்குகிறாராம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போகிறேன். சொல்லிவிடலாமென்று இருக்கிறேன்.